நடுங்காத கை

டாக்டர் ரத்தினசபாபதியின் வலது கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவரையும் அவர் மனைவி யமுனாவையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார். பல் டாக்டருக்குக் கை நடுங்குகிறது என்று சுந்தராபுரத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்புறம் அவர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்க யார் வருவார்கள்?

அதனால் பல தந்திரங்களைப் பழகி வைத்திருந்தார். ஊசி போடும்போது முழங்கையை நாற்காலியின் விளிம்பில் அழுத்திக்கொள்வார். ரூட் கேனால் என்று வருகிறவர்களிடம், "இதுக்கு டவுனுக்குள்ள புது மெஷின் வந்திருக்குதுங்க, அங்க போயிருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். டீ குடிப்பதென்றால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான். மாத்திரைகள் எதுவும் பலிக்கவில்லை. மூளைக்குள் கம்பி வைத்துச் செய்யும் ஆபரேஷன் ஒன்று இருந்தது. அதற்கு அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பொங்கல் கழிந்ததும் க்ளினிக்கை மூடிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான், மழை விட்டிருந்த ஒரு காலையில், கை நின்றது.

ஒரு லாரி டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பல் வெளியே வந்தபிறகுதான் முழங்கையை எங்கேயும் முட்டுக்கொடுக்கவில்லை என்பதே அவருக்கு உறைத்தது. கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் ஆணி அடித்தாற்போல அப்படியே நின்றன. அன்றைக்கு மத்தியானம் யமுனாவின் முன்னால் ஒரு கையால் ரசத்தை எடுத்துக் குடித்துக் காட்டினார். யமுனா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

காரணத்தைப் பற்றி அவர் அப்போது யோசிக்கவில்லை. ஏதோ ஒரு மாத்திரை தாமதமாகக் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நந்தவனம் அடுக்ககத்தில் முதல் மாடியில் அவருடைய வீடு, தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தில் க்ளினிக். அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் அந்த வாரம்தான் ஏழாம் தலைமுறை வலைக்கான செல்போன் கோபுரத்தை நிறுத்தியிருந்தார்கள். கோயம்புத்தூரில் அப்போது அங்கங்கே ஒன்றிரண்டுதான் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. பந்தியில் பாயச டம்ளரை எடுத்தார். பாதி வேட்டியில் கொட்டியது. நடுக்கம் பழையபடி வந்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் காரை யமுனாதான் ஓட்டினாள். அவர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, இனி வாழ்க்கை இவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தார். கார் அவர்கள் தெருவுக்குள் திரும்பி அடுக்ககத்து கேட்டை நெருங்கியபோது, யாரோ சுவிட்சை அணைத்தது மாதிரி கை அடங்கியது.

"வண்டியைப் பின்னால எடு" என்றார்.

"ஏனுங்க?"

"எடு சொல்றேன்."

யமுனா பின்னால் எடுத்தாள். தெருமுனையில் கை ஆடியது. முன்னால் வந்தாள். நின்றது. இன்னொரு தடவை செய்து பார்த்தார்கள். கார் கண்ணாடி வழியாக மொட்டை மாடியில் தெரிந்த இரும்புச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடன் படிக்கிற காலத்தில் ஒரே விடுதியில் சாப்பிட்ட ஷம்சுதீன் இப்போது நரம்பியல் நிபுணர். சபாபதி அவரை ஒரு காபிக்கு என்று வரவழைத்துத் தெருமுனைக்கும் க்ளினிக்குக்கும் நடந்து காட்டினார். ஷம்சுதீன் முதலில் சிரித்தார். மூன்றாவது நடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாப்ள, இந்தக் கோபுரம் கரண்டை மிச்சம் பண்றதுக்காக அலையை விட்டு விட்டு அனுப்புதுடா. அதுல ஒரு தாளம் இருக்குது. நாங்க மூளைல கம்பி வெச்சு ஒரு துடிப்புக் குடுக்கறோம்ல, கிட்டத்தட்ட அதே தாளம்."

"இவ்ளோ தூரத்துல இருந்தா? அதுல வீரியமே இருக்காதேடா."

"வீரியம் இல்லைதான். ஊஞ்சலை நீ பலமாவா தள்ளுவே? சரியான நேரத்துல விரலால தொட்டா போதும், அதுபாட்டுக்கு ஆடும். உன் நரம்பு அந்தத் தாளத்துக்குச் செவி சாய்க்குற ரகம். எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க. ஆயிரத்துல ஒருத்தன் இருப்பானோ என்னமோ."

"அப்ப நல்லதுதானே பண்ணுது?"

ஷம்சுதீன் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்கு நல்லது. இதே தாளம் இன்னொருத்தனுக்குள்ள எதை ஆட்டிவிடும்னு யாருக்குடா தெரியும்? இதை எழுதணும்டா. உலகத்துக்கே சொல்லணும்."

"நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார் சபாபதி. தன் குரலில் இருந்த பதற்றம் அவருக்கே புதிதாக இருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. கை நின்றிருந்தது, மனசு ஆட ஆரம்பித்தது. கூட்டத்தில் போகிறவன் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல, நிமிஷத்துக்கொருதரம் விரல்களை விரித்துப் பார்த்துக்கொள்வார். மேலே யாராவது ஏறுகிற சத்தம் கேட்டால் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார். கடைத்தெருவுக்குப் போவதை விட்டார். ஊர் விசேஷங்களுக்கு யமுனா மட்டும் போனாள். நின்றுபோன ரூட் கேனால்களை மறுபடி ஆரம்பித்தார். பழைய நோயாளிகள் திரும்பி வந்தார்கள். "டாக்டருக்கு வயசு திரும்புதுங்க" என்று ஒரு அம்மா சொன்னபோது அவரால் சிரிக்க முடியவில்லை.

அப்போதுதான் மூன்றாம் மாடியிலிருந்து சுகந்தியின் புகார் கீழே இறங்கி வந்தது.

சுகந்தி கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். புருஷன் இறந்தபிறகு மகள் மகிழினியோடு தனியாக இருந்தாள். அவர்கள் வீட்டுப் படுக்கையறைக்கு நேர் மேலேதான் கோபுரம். பதினெட்டு வயசு மகிழினி, கோபுரம் வந்ததிலிருந்து தூக்கம் பிடிக்காமல், நெஞ்சு படபடக்கிறது என்றும் தலைக்குள் வண்டு பறக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கமில்லாத களைப்பில் கல்லூரியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அதிகாரிகள் வந்து மீட்டரை வைத்து அளந்துவிட்டு, அனுமதித்த அளவில் ஒரு துளிகூடத் தாண்டவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டிலேயே தூங்கிய சுகந்திக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் இல்லை. பிறகென்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைப் போட்டு அடுக்ககச் சங்கம் கூடியது. தலைவர் நாகமாணிக்கம், மில்லில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபுரத்துக்கு வரும் வாடகையில்தான் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்தப் புள்ளைக்கு வேற ஏதாச்சும் மனக்கஷ்டம் இருக்குமுங்க" என்றார் அவர். "படிக்கிற வயசு. அதைப் போயி டவர் மேல போட்டா எப்படிங்க? நம்ம பில்டிங்லயே டாக்டர் இருக்கறாரு, அவரு சொல்லட்டும்."

மைக் சபாபதியின் கைக்கு வந்தது. முன் வரிசையில் சுகந்தி அவரையே பார்த்தாள். மகிழினி தலையைக் குனிந்து, இரண்டு நெற்றிப்பொட்டையும் விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்வதென்றால் தன் கையைத்தான் சாட்சியாகக் காட்ட வேண்டும். இந்த அலை நரம்பைத் தொடுகிறது, என்னைத் தொட்டுவிட்டது என்று சொன்ன மறுநிமிஷம் அந்தப் பெண் சொல்வது மெய்யாகிவிடும். கோபுரம் இறங்கிவிடும்.

"அந்த அலை தோலைத் தாண்டி உள்ள போகாதுங்க" என்றார். "நரம்புக்கும் தூக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இது விஞ்ஞானம். ஒரு பயம் மனசுல விழுந்துருச்சுன்னா, அந்தப் பயமே ஆளைத் தூங்க விடாது. நல்ல மனநல டாக்டராப் பாருங்கம்மா."

மைக்கைப் பிடித்திருந்த கை துளியும் ஆடவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். சுகந்தி எழுந்து, "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

மகிழினிக்கு மாத்திரைகள் ஆரம்பமாயின. கல்லூரி நின்றது. லிஃப்டில் அவளைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். சபாபதி படிக்கட்டில் ஏறி இறங்கப் பழகிக்கொண்டார்.

ஆனால் ஒரு மத்தியானம் அவள் க்ளினிக்குக்கே வந்துவிட்டாள். பல்லைக் கடித்துக் கடித்துக் கீழ்க் கடைவாய்ப் பல் விரிசல் விட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போலக் கருப்பு. சுகந்தி வெளியில் உட்கார்ந்திருக்க, மகிழினி நாற்காலியில் சாய்ந்தாள்.

"வலிச்சா இடது கையைத் தூக்கு, கண்ணு" என்றார்.

"வலி பரவால்லீங்க அங்கிள்." அவள் மேலே விளக்கைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். "அன்னைக்கு நீங்க பேசுனதுக்கப்புறம் எனக்கே என்மேல நம்பிக்கை போயிருச்சு. நெஞ்சு அடிக்கிறப்ப, இது நெஜமா அடிக்குதா, நானா நெனச்சுக்கறனான்னு தெரியறதில்ல. அதுதான் அங்கிள் கஷ்டமா இருக்குது."

அவர் ஊசியைப் போட்டார். மரத்ததும் ட்ரில்லை எடுத்தார். வேலை பாதி முடிந்திருக்கும். திடீரென்று ட்ரில்லின் முனை பல்லில் தடதடவென்று தட்டியது. சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் மகிழினியைப் பார்த்தார். அவள் தோள்கள் தளர்ந்திருந்தன. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வாயில் பஞ்சு இருந்ததால் குழறிக்கொண்டு, "நின்னுருச்சு அங்கிள்" என்றாள். கண் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டையே வந்துவிட்டது.

க்ளினிக் உதவியாளர் பிரேமா உள்ளே எட்டிப் பார்த்து, "போன்ல சிக்னலே இல்லீங்க டாக்டர். மேல டவர்ல ஏதோ ரிப்பேராம்" என்றாள்.

சபாபதி கையை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். சுகந்தி உள்ளே வந்து மகள் தூங்குவதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "எத்தன நாளாச்சுங்க டாக்டர், இவ இப்படி அசந்து தூங்கி. அந்த ஊசிலயா தூங்கறா? அந்த மருந்தையே வாங்கிக்கலாமுங்களா?"

"இல்லைங்கம்மா. அது பல் மரக்கற மருந்து."

"அப்பறம் எப்படிங்க?"

பைக்குள் கை, பிடிபட்ட கோழிக்குஞ்சு மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது. வெயில் ஜன்னலில் நகர்ந்தது. பிறகு, எந்தச் சத்தமும் இல்லாமல், கை அடங்கியது. அதே நேரத்தில் நாற்காலியில் மகிழினி தூக்கிவாரிப் போட்டு எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நிம்மதியும் நடுக்கமும் அவர்கள் இருவருக்கிடையே கைமாறியதைப் பார்த்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். விரிசல் விட்ட பல்லுக்கு ஒரு தற்காலிக அடைப்பைப் போட்டு அனுப்பினார். அன்றைக்கு அப்புறம் யாரையும் பார்க்கவில்லை.

யமுனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு வேற எங்கயாச்சும் நல்ல வீடாப் பாத்துக் குடுத்தரலாமுங்க. சாமான் ஏத்தி எறக்கறதெல்லாம் நாமளே பாத்துக்கலாம். நீங்க வாயைத் தொறக்க வேண்டாம்."

"அங்கயும் நாளைக்கு ஒரு டவர் வரும். அப்ப அந்தப் புள்ளை மறுபடி பைத்தியம்னு பேர் வாங்கணுமா?"

"உங்க கை போச்சுன்னா நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு வருசம் உங்ககூட இருந்தவ நான்." கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லோணும்னு முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க? அப்பறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் ஷம்சுதீனுக்குப் போன் செய்தார். பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய், சுகந்தியிடம் தன் கையைப் பற்றிச் சொன்னார். அவள் முகம் முதலில் புரியாமல் இருந்தது, பிறகு சிவந்தது. "அன்னைக்கு மைக்குல பேசறப்பவே இது உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். அவர் தெரியும் என்றார். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

ஷம்சுதீன் எழுதிக் கொடுத்த மனுவின்பேரில் சோதனைக்கு மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கோபுரத்தை வைத்த செல்போன் நிறுவனத்திலிருந்து சுத்தமாகச் சவரம் செய்த ஓர் இளைஞர் வந்தார். மகிழினியை மேலே ஓர் அறையிலும் சபாபதியைக் க்ளினிக்கிலும் உட்கார வைத்தார்கள். கோபுரத்தை எப்போது அணைக்கிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. போன்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையிலிருந்து மாலை வரை அணைத்தும் போட்டும் பார்த்தார்கள். கீழே கை நடுங்கும்போதெல்லாம் மேலே அவள் நாடித்துடிப்பு இறங்கியது. கை நின்றபோதெல்லாம் அங்கே ஏறியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

வாசலில் கூடியிருந்த அடுக்ககத்துக்காரர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். நாகமாணிக்கம் தன் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். போன மாதம்தான் அவள் பல்லுக்குச் சபாபதி வேலை செய்திருந்தார்.

மகிழினி இறங்கி வந்ததும் ஷம்சுதீன் முடிவைச் சொன்னார். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நான் நெனச்சுக்கலம்மா, நான் நெனச்சுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நிறுவனத்து இளைஞர் கோபப்படவே இல்லை. சபாபதி எதிர்பார்த்த வாதம் எதையும் வைக்கவில்லை. அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "சார், ஆன் பண்ணுனதும் கை உடனே நிக்குதுங்களா, கொஞ்சம் நேரம் எடுக்குதுங்களா? உங்களை மாதிரி நடுக்கம் இருக்கறவங்க நம்ம நாட்டுல எத்தன பேர் சார் இருப்பாங்க?"

அந்தக் கேள்வி அவருக்கு அன்றைக்கு உறுத்தவில்லை. களைத்துப் போயிருந்தார்.

கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். சபாபதி க்ளினிக் பலகையைக் கழற்றினார். பேப்பரைப் பிரிக்க முடியாமல், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், வீட்டுக்குள் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்தார். லிஃப்ட் அடிக்கடி நின்றது; ஜனங்கள் அவரைப் பார்த்தே பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மேலே மூன்றாம் மாடியில் ஒரு பெண் தூங்கினாள். ஒருநாள் கல்லூரிப் பையோடு லிஃப்டில் ஏறினாள். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. அதுவே அவருக்குப் பெரிதாக இருந்தது.

சித்திரை பிறந்ததும் செய்தி வந்தது. நந்தவனம் சோதனையை வைத்து நிறுவனம் இன்னும் பல ஊர்களில் ஆய்வு செய்திருந்தது. கை நடுக்கத்துக்கு ஆபரேஷன் இல்லாத சிகிச்சை, அதுவும் வீட்டில் இருந்தபடியே. டீவியில் ஓர் அம்மா பல வருஷத்துக்கப்புறம் தன் கையால் கோலம் போட்டுவிட்டு அழுதாள். நடுக்கம் உள்ளவர்களின் குடும்பங்கள் ஊர்வலம் போய், எங்கள் தெருவில் கோபுரம் வை என்று மனுக் கொடுத்தன. ஒவ்வாதவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான், அவர்கள் இடம் மாறிக்கொள்ள அரசு உதவி செய்யும் என்று அறிவித்தார்கள். முதலில் எங்கே போடுவது என்ற கேள்விக்கு இடமே இல்லை. எல்லாம் ஆரம்பித்த இடம் இருந்தது.

விளம்பரத்தில் பேசச் சொல்லி அதே இளைஞர் சபாபதியைத் தேடி வந்தார். அவர் கதவைத் திறக்கவில்லை. ஆனால் கோபுரம் மறுபடி உயிர் பெற்ற காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கை சட்டென்று நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. அதை அவரால் தடுக்க முடியவில்லை. அடுத்த கணம் மாடிப்படியில் யாரோ ஓடி இறங்கும் சத்தம் கேட்டது.

சுகந்தி ஆனைக்கட்டிக்கு அப்பால், காட்டை ஒட்டி, வலை வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்த ஓர் இடத்தில் வீடு பார்த்திருந்தாள். மகிழினியின் கல்லூரி இனி எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டு சின்ன லாரி கேட்டருகே நின்றது. மகிழினி முன் இருக்கையில் துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சபாபதி ஒரு பீரோக் கதவைப் பிடித்து ஏற்றிக் கொடுத்துவிட்டு, லாரிப் பக்கத்திலேயே நின்றார்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, அடுக்ககத்தில் வாடகைக்கு வருகிறவர்கள். மனிதருக்கு அறுபது இருக்கும். இரண்டு கையும் உதறிக்கொண்டிருந்தன. மனைவிதான் தோளைப் பிடித்து இறக்கினாள். கேட்டைத் தாண்டிச் சில அடி வைத்தவர் அப்படியே நின்றார். கைகளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, அவள் நெற்றியில் வேர்வையோடு ஒட்டியிருந்த முடியை ஒரு விரலால் எடுத்துக் காதோரம் ஒதுக்கினார். அந்த அம்மா விம்மி விட்டாள்.

"அதோ, அவருதானுங்க டாக்டர்" என்று யாரோ கை காட்டினார்கள்.

அந்த மனிதர் வந்து சபாபதியின் காலில் விழுந்தார். "நீங்க மட்டும் வாயைத் தொறந்து சொல்லாம இருந்திருந்தீங்கன்னா, சாமி..." என்று அழுதார்.

சபாபதி அசையவில்லை. குனியவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. லாரியின் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

"அங்கிள்."

மகிழினி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்திருந்தது. பேசுவதே அவளுக்குச் சிரமமாக இருந்திருக்க வேண்டும்.

"பெரியவரைத் தூக்கி விடுங்க அங்கிள். தரை சுடும்."

லாரி கிளம்பியது. சபாபதி குனிந்து அந்த மனிதரின் கைகளைப் பிடித்துத் தூக்கினார். அவர் எழுந்து நின்றபிறகும் கைகளை விடவில்லை. லாரி தெருமுனையில் திரும்பும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். நான்கு கைகளில் ஒன்றுகூட நடுங்கவில்லை.